காற்றில்லை என்ற கருவி குறித்து மாப்பிள்ளைக்கு

மூச்சாய் உட்புகுந்து, புயலாய் வெளியே நின்று, இரண்டிலும் கண்ணுக்குப் புலப்படாத பரம்பொருளின் திருவடி முன்நிற்க.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். தங்கள் நலமும் என் மகள் நலமும் அறிய அவா.

நிற்க. அப்படி எழுதினேனே தவிர, காலையிலிருந்து நான் ஓரிடத்தில் நிற்கவில்லை. நம் வீட்டுப் பின்மேட்டில் தாங்கள் நட்டுச்சென்ற காற்றளக்கும் கருவி ஏழு மாதமாகக் காற்றே இல்லை என்பதாகவும், வெள்ளிக்கிழமை இம்மேட்டை ஒதுக்கிவிட்டுக் கடலுக்கு அப்பால் ஒரு தீவைக் காற்றாலைக்குத் தேர்ந்து அறிக்கை தரப்போவதாகவும், என் மகளோடு அங்கேயே குடிபோவதாகவும் எழுதியிருந்தீர்கள். கருவி பொய் சொல்கிறது, மாப்பிள்ளை. நேற்றுப் பாராயணத்தின் நடுவே ஏடுகள் பறந்து, உலகம் படைக்கப்பட்ட பக்கத்திலிருந்து நேரே பிரளயத்துக்குப் போய்விட்டேன்; இடையில் ஒரு யுகத்தையே காற்று அள்ளிக்கொண்டது. அதைத் துரத்தியதில் மூக்குக்கண்ணாடி விழுந்தது, அதற்குக் குனிந்ததில் தோள்துண்டு பறந்தது, துண்டைத் தேடிப் போனால் பக்கத்து வீட்டுத் தையற்காரர், "ஐயா, உங்க துண்டு எங்க கூரையில, எங்க கொடித்துணி மொத்தமும் உங்க மரத்துல. ரெண்டுக்கும் சரியாப் போச்சு, போங்க" என்கிறார். உங்கள் அத்தையோ, "காத்தே இல்லையாமா? மாப்பிள்ளையை இங்க வந்து ஒரு குடையை விரிக்கச் சொல்லுங்க, பார்ப்போம்!" என்கிறாள். கருவியை நம்பலாம், மாமனாரை நம்பக்கூடாதா? மக அவ்வளவு தூரம் போயிட்டா நாங்க ரெண்டு பேரும் யாரை நடுவுல வச்சுச் சண்டை போடுறது, சொல்லுங்க? மனசு ஒரு இடத்துல உட்காரமாட்டேங்குது. ஆகவே அறிக்கையை நிறுத்தி, அந்தப் பழுதுபட்ட கருவியைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள்.

தங்கள் இல்லத்தில் விளக்கு அணையாமலும் சிரிப்பு குறையாமலும் இறைவன் காப்பானாக.

இப்படிக்கு,
இருப்புக்கொள்ளாத மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "மாப்பிள்ளை வச்ச பொருள் காத்துல ஆடி உடைஞ்சிடப் போகுதுன்னு, அவர் கிளம்பின மறுநாளே அதைத் தண்ணித்தொட்டிக்குப் பின்னால கொண்டுபோய் வச்சது யாரு? அங்க அது எந்தக் காத்தை அளக்கும்?" என்றாள். உண்மைதான், தூசிகூடத் துடைத்து வந்தேன். இப்போது மேட்டுக்கே தூக்கிவைத்துவிட்டேன். பம்பரமாய்ச் சுற்றுகிறது. ஓராண்டு அளக்கவேண்டும் என்று நடும்போது சொன்னீர்களே, அந்தக் கணக்கை இன்றிலிருந்துதானே தொடங்கவேண்டும்? மேலே எழுதியவற்றுள் ஆசியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைக் காற்றில் விட்டுவிடுங்கள்.