சந்தேகமே வராத பதினாலு பேர்

மூன்றாம் நாளும் நாலு மணி அடித்துவிட்டது. கதவைத் தட்ட ஒரு ஆள்கூட வரவில்லை.

ஆர்வில் டாக்கெட் நாற்காலியைக் கதவுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'சந்தேகம் கேட்கும் நேரம்: நாலு முதல் ஐந்து வரை. வருகிறவர்கள் பெயர் எழுதவும்.' தாள் வெள்ளை வெளேரென்று இருந்தது.

குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகவிருக்கும் பதினாலு பிள்ளைகளை ஓஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரி ஜூலை மாதத்தில் மூன்று வாரம் விடுதியில் தங்க வைத்து, பாடம் சொல்லி, பழக்கி அனுப்பும். வாத்தியாருக்கும் அதே மாடியில்தான் அறை, அதே சாப்பாட்டுக் கூடம். ஆர்வில் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். இந்த முகாமுக்குப் புதுசு.

முகாமின் தலைவி கான்ஸ்டன்ஸ் விட்மர் முதல் நாளே பட்டென்று சொல்லியிருந்தாள். "காலேஜ்ல பசங்க தோத்துப் போறது மண்டையில ஒண்ணும் இல்லாததால இல்ல ஆர்வில். வாத்தியார் கதவைத் தட்டக் கூச்சப்படறதால. கடைசி வெள்ளிக்குள்ள பதினாலு பேரும் ஒரு தடவையாவது தானா உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும். இல்லைன்னா அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அடுத்த வருஷம் போனால் போகட்டும் என்று நினைக்கிற மனிதரில்லை ஆர்வில். பதினெட்டு வயதில் அவரே ஒரு கல்லூரியை விட்டு ஓடி வந்தவர். பாடம் புரியவில்லை, கேட்க வாயும் வரவில்லை. மறுபடி படித்து முடிக்க ஆறு வருஷம் ஆயிற்று. இந்தப் பிள்ளைகளுக்கு அந்த கதி வரக்கூடாது என்பதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது.

நாலாம் நாள் ஒரு தட்டு நிறைய பிஸ்கட் வாங்கி மேஜைமேல் வைத்தார்.

பதினாலு பேரும் வந்தார்கள். இரண்டே நிமிஷத்தில் தட்டு காலி.

"ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றார் ஆர்வில், குரலைச் சர்க்கரைப் பாகாக்கிக்கொண்டு.

"இல்ல சார். எல்லாம் சூப்பராப் புரியுது," என்றாள் டெல்ஃபின். கூட்டத்துக்குத் தலைவி அவள்தான். தட்டைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டும் போனாள். யாரும் தாளில் பெயர் எழுதவில்லை.

சரி, கணக்கு சுலபமாக இருந்தால் சந்தேகம் எங்கிருந்து வரும்? மறுநாள் கொஞ்சம் வில்லங்கமாக ஒன்று கொடுத்தார். ஐந்து பேர், ஐந்து ஜோடி ஷூ. யாரும் தன்னுடையதைப் போடக்கூடாது. எத்தனை விதமாக மாற்றிப் போடலாம்?

அன்று மாலை சாப்பாட்டுக் கூடத்தில் ஐந்து பிள்ளைகள் நொண்டி நொண்டி வரிசையில் நின்றார்கள். நெட்டையன் கார்வினின் பாதி பாதம் ஷூவுக்கு வெளியே தொங்கியது. இருக்கிற பிள்ளைகளில் குட்டையான ஏசா படகு மாதிரி இரண்டைக் காலில் மாட்டிக்கொண்டு தேய்த்துத் தேய்த்து வந்தான். பக்கத்தில் ஒருத்தி நோட்டில் என்னமோ குறித்துக்கொண்டாள்.

காலையில் விடை வந்தது. நாற்பத்து நாலு. மிகச் சரி.

ஆர்விலுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கண்டுபிடித்தது போதாதென்று, போட்டுப் பார்த்து வேறு சரிபார்க்கிறார்கள். விஞ்ஞானிகள் செய்கிற வேலையல்லவா இது? இப்படியொரு வகுப்பு வாய்க்க அவர் என்ன புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

ஆனால் தாள்? அது வெள்ளையாகவே இருந்தது.

இரண்டாம் வாரம் பிடியை இன்னும் இறுக்கினார். விடுதிப் படிக்கட்டில் பன்னிரண்டு படி. ஒவ்வொன்றாகவும் ஏறலாம், இரண்டிரண்டாகத் தாவியும் ஏறலாம். மொத்தம் எத்தனை விதம்? இதற்கு வராமலா போவார்கள் என்று நாலு மணிக்கு நாற்காலியில் அமர்ந்தார்.

தட்டினார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால், விடுதியைத் துப்புரவு செய்கிற க்ரோவர் துடைப்பத்தோடு நின்றார்.

"சார், உங்க பசங்களுக்கு என்ன ஆச்சு? மதியத்துலேருந்து படிக்கட்டுல தடதடன்னு ஏறுறதும் இறங்குறதுமா இருக்காங்க. பெருக்க விடமாட்டேங்கறாங்க. ஓரமாப் போங்கன்னா, 'நூத்தித் தொண்ணூறு, கலைச்சுடாதீங்க'ங்கறான் ஒருத்தன்."

"சரிபாக்கறாங்க க்ரோவர். சரிபாக்கறாங்க," என்றார் ஆர்வில் பெருமையோடு.

"எனக்கு முட்டி வலிக்குது, அவங்களைப் பாத்தே," என்று முணுமுணுத்துக்கொண்டு போனார் க்ரோவர்.

விடை: இருநூற்று முப்பத்து மூன்று. அதுவும் சரி.

"எப்படிம்மா போட்டீங்க?" என்று கேட்டார்.

"எல்லாரும் சேந்து உழைச்சோம் சார்," என்றாள் டெல்ஃபின், காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே.

நெஞ்சு விம்ம நேரே கான்ஸ்டன்ஸிடம் போய்ப் பீற்றிக்கொண்டார் ஆர்வில். தன் வாயாலேயே மாட்டிக்கொண்டது அங்கேதான்.

"அப்படியா? இவ்வளவு கெட்டிக்காரப் பசங்கன்னா நன்கொடை குடுக்கறவங்க ரெண்டு பேரைப் புதன்கிழமை உங்க வகுப்புக்குக் கூட்டிட்டு வர்றேன். பெரிய கணக்கா ஒண்ணு போடுங்க. ஆமா, அந்தத் தாள்ல இதுவரைக்கும் எத்தனை பேரு?"

ஆர்வில் கூரையைப் பார்த்தார்.

செவ்வாய் காலை பொதுக்கூடத்தின் தரை அவர் கண்ணில் பட்டது. எட்டுக்கு எட்டு, அறுபத்து நாலு சதுரக் கல். இரண்டிரண்டு கல்லை மூடுகிற அட்டைகளால் தரை முழுக்க மூட வேண்டும். எத்தனை விதமாக மூடலாம்? படிக்கட்டுக் கணக்குக்கு அண்ணன்தானே, போட்டுவிடலாம் என்று, தான் போட்டுப் பார்க்காமலே வகுப்பில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மதியம் உட்கார்ந்து போட்டார். வரவில்லை. மறுபடி போட்டார். அது அண்ணன் இல்லை, பூதம். மாலைக்குள் கூடை நிறையக் காகிதம் கசங்கியது. கான்ஸ்டன்ஸிடம் கேட்கலாம், பக்கத்துக் கட்டடத்துப் பேராசிரியரிடம் கேட்கலாம். இரண்டு தடவை அந்தப் பேராசிரியர் அறைவரை போய், கதவைத் தட்டாமல் திரும்பி வந்தார். கேளுங்கள் கேளுங்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவருக்கு, தான் கேட்கப் போனால் கதவைத் தட்டக் கை எழவில்லை. அவருக்கே தன்மேல் வெட்கமாக இருந்தது.

புதன் பத்து மணி. கடைசி வரிசையில் கான்ஸ்டன்ஸும் இரண்டு பெரிய மனிதர்களும். முன்னால் பதினாலு பேரும் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முழங்கைகளில் தரைத் தூசி.

"சொல்லுங்க, விடை என்ன?" என்றார் ஆர்வில்.

"நாலாயிரம் வரைக்கும் வந்தோம் சார். இன்னும் முடியல," என்றாள் டெல்ஃபின். "நீங்களே சொல்லிடுங்க சார்."

வகுப்பு அவரையே பார்த்தது. ஆர்வில் சாக்கட்டியை எடுத்தார். பலகைப் பக்கம் திரும்பினார். பதினெட்டு வயதில் கல்லூரியை விட்டு ஓடிவந்தபோது ஏறிய பஸ் நினைவுக்கு வந்தது. சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்.

"எனக்கு இது தெரியலப்பா. நேத்து பூரா முட்டி மோதிப் பாத்துட்டேன். யாராவது எனக்கு உதவி பண்ணுங்க."

ஒரு பெரிய மனிதர் இருமினார். கான்ஸ்டன்ஸ் மெதுவாக எழுந்தாள். போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டார் ஆர்வில்.

ஏசா கையைத் தூக்கினான். கேள்வி அவருக்கில்லை, கான்ஸ்டன்ஸுக்கு.

"மேடம், இப்ப இவரை வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா?"

"எதுக்கு அனுப்பணும்?" என்றாள் கான்ஸ்டன்ஸ். அவள் கண் கலங்கியிருந்தது. "ஒரு வாத்தியார் இப்படிச் சொல்லி நான் பாத்ததே இல்ல. இவரை விடறதா இல்ல."

ஏசா மற்ற பதின்மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அப்படின்னா இன்னிக்கு நாலு மணிக்கு நாங்க எல்லாரும் வர்றோம் சார். தெரியலைன்னு சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு பயந்துதான் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டுக் கிடந்தோம். மொத நாள் பாடத்துலேருந்தே எங்களுக்கு ஒண்ணும் புரியல."