அலறிய எஞ்சினும் அறிவாளிச் சித்தியும்

ஒரே வேலையைப் பல வருஷம் பார்த்தவர்களுக்கு ஒரு நோய் வரும். அந்த வேலையில் தங்களுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது நன்றாக முற்றியிருந்த சமயத்தில்தான் ஆரணியின் கல்யாணம் வந்தது.

நான் மதுரைக்காரி. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் எஞ்சின் சோதனைக் கூடம் ஒன்றில் வேலை. ஒரு பெட்ரோல் எஞ்சின் எத்தனை காலம் உழைக்கும் என்று பார்க்க, அதை வாரக்கணக்கில் முழு வேகத்தில் ஓடவிடுவோம். (ஓடவிடுவோம் என்றால், அது பக்கத்து அறையில் ஓடும். தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் காபியோடு உட்கார்ந்து திரையில் கோடுகளைப் பார்ப்பேன்.) கணவர் சுதனுடையது யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய அண்ணனை நானும் அண்ணை என்றே கூப்பிடுவேன். அவர் மகள்தான் ஆரணி. அவளுக்கு நான் சித்தி.

அண்ணையிடம் ஒரு வோன்மொபில் உண்டு. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து, பஸ் நீளத்துக்கு ஓடுகிற வீடு. பணி முடிந்து ஊர் திரும்பிய ஓர் அமெரிக்க ராணுவக்காரரிடம் வாங்கியதால் அதில் இங்கே வழக்கமான டீசல் கிடையாது, பெரிய பெட்ரோல் எஞ்சின். அதுவும் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவில், ஒரு மூடிக்குக் கீழே, நம் முழங்காலை உரசிக்கொண்டு இருக்கும். மண்டபம் மியூனிக் பக்கம். பெண் சேலை கசங்காமல் உட்கார்ந்து வரட்டும் என்று அதிலேயே கிளம்பினோம்.

கிளம்பும்போது அண்ணை என்னிடம் மரியாதையாக ஒரு சந்தேகம் கேட்டார். இந்த வண்டி ஏன் இப்படிப் பெற்றோல் குடிக்கிறது?

கேட்டிருக்கக் கூடாது. இவ்வளவு பெரிய பெட்டி காற்றை முட்டித் தள்ளிக்கொண்டு போகிறது, மிதிக்க மிதிக்கக் குடிக்கத்தான் செய்யும் என்று ஆரம்பித்துப் பாடமே நடத்தினேன். சுதனைப் பின்னால் அனுப்பிவிட்டு முன்னிருக்கையைப் பிடித்துக்கொண்டேன். ஏசியை அணைக்கச் சொன்னேன். பெண்ணின் மேக்கப் வழிய ஆரம்பித்தது. அவள் அம்மா கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எரிபொருளைச் சேமித்துக்கொண்டிருந்தேன்.

மியூனிக் போகும் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் ஆல்ப் மலை ஏற்றம் ஒன்று உண்டு. எல்லோரும் கீழேயே வேகம் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். நான், "பூ மாதிரி மிதிங்க அண்ணை" என்றேன். அவரும் பூ மாதிரி மிதித்தார். பாதி மலையில் வண்டி சைக்கிள் வேகத்துக்கு வந்தது. கியர் தானாகவே சடாரென்று இறங்க, மூடிக்குக் கீழே எஞ்சின் அலறியது.

எத்தனையோ எஞ்சின்களை ஓடவிட்டவள் நான். ஆனால் அவற்றில் ஒன்றின் குரலைக்கூட நேரில் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. (உறைத்தது என்று இப்போது எழுதுகிறேன். அப்போது கத்தினேன்.)

"நிறுத்துங்க அண்ணை, எஞ்சின் வெடிச்சிரும்!"

அந்த மலையைப் பல தடவை ஏறியவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "நிப்பாட்டட்டோ பிள்ளை?"

"உடனே."

நிப்பாட்டினார். அந்த ஏற்றத்தில் ஓரம் ஒதுங்க இடமில்லை. எஞ்சினை அணைத்த கொஞ்ச நேரத்தில் முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. பார்த்தீர்களா என்று நான் பெருமையோடு சுற்றிலும் பார்த்தேன். கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கும் எஞ்சினைத் திடீரென்று அணைத்தால் சூடு உள்ளேயே தங்கித் தண்ணீர் கொதிக்கும். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அந்த நிமிஷம் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

எங்களுக்குப் பின்னால் வாகனங்கள் மலையடிவாரம் வரை நின்றன. ஆரணியின் போன் அடித்தது. மாப்பிள்ளை. அவர்களும் ஸ்டுட்கார்ட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தார்கள். ஸ்பீக்கரில் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"நாங்கள் மலைக்குக் கீழ நிக்கிறம். ஆரோ ஒரு விசரன் நடு ரோட்டில வண்டிய நிப்பாட்டி வைச்சிருக்கிறானாம். ரேடியோவில சொல்லுறாங்கள்."

விசரன் என்றால் அவர்கள் பேச்சில் பைத்தியக்காரன். ஆரணி என்னைப் பார்த்தாள். பிறகு போனில் மெதுவாகச் சொன்னாள்: "விசரன் இல்லை. சித்தி."



போலீஸ் வந்தது. என்ன பழுது என்று கேட்டார் ஒரு காவலர். அண்ணை என்னை முன்னால் விட்டு, நல்ல ஜெர்மனில், இவர் எஞ்சினின் ஆயுளைச் சோதிக்கிற இஞ்சினியர், எங்கள் குடும்பத்துக்கே பெருமை என்று அறிமுகம் செய்துவைத்தார். கிண்டல் இல்லை, மனதாரச் சொன்னார். காவலர் மரியாதையோடு என் பக்கம் திரும்பினார்.

ரொம்பச் சத்தமாக இருந்தது என்றேன்.

வேறு என்ன என்று கேட்டார். வேறு ஒன்றுமில்லை. அதற்குள் ஆவியும் அடங்கியிருந்தது. அவர் பட்டுச்சேலையில் வியர்த்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிளப்பச் சொன்னார். சாவியின் முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. உச்சிவரை அதே அலறல். பின்னால் போலீஸின் நீல விளக்கு. நான் மடியில் கைகளை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி வந்தேன்.

முகூர்த்தம் தவறிவிட்டது. அடுத்த நல்ல நேரம் மத்தியானத்துக்குப் பிறகுதான் என்றார் ஐயர். தாலி கட்டும் முன்பே பந்தி போட வேண்டியதாயிற்று. வந்தவர்களிடமெல்லாம் அண்ணை, "வண்டி பழசு, மலையில நிண்டிட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த எஞ்சின் இன்னும் ஓடுகிறது. குடும்பத்தில் மிக்ஸி இரைந்தாலும் யாராவது என்னிடம், "சித்தி, நிப்பாட்டட்டோ?" என்று கேட்பார்கள். போன மாதம் மாப்பிள்ளை, வீரிட்டு அழுத தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அதையே கேட்டார்.

அண்ணை மட்டும் ஒருநாளும் கேலி செய்ததில்லை. ஆனால் அவரோடு எங்கே போனாலும், மேடு வருவதற்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, என் பக்கம் திரும்பி, அவ்வளவு அக்கறையோடு சொல்வார்:

"இனி மலை வருகுது பிள்ளை. கொஞ்சம் சத்தம் போடும். பயப்பிடாதையும்."