டீமேக்கர் சர்க்கரையைத் துறந்த நாற்பது நாள்

குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட் ஃபாக்டரியில் டீத்தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கராக இருந்த நல்லசாமி, தமது ஐம்பத்திரண்டாவது வயதில், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குச் சர்க்கரையைத் துறந்தார். ராஜ்யத்தைத் துறந்த ராஜாக்கள்கூட இத்தனை பேருக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்க மாட்டார்கள். ஆபீஸ் கிளார்க்கிடம் சொன்னார். லாரி டிரைவரிடம் சொன்னார். இலை நிறுக்க வரிசையில் நின்ற பெண்களிடமும் சொன்னார். அவர்கள் "சரிங்கய்யா, இலையை எடை போடுங்க" என்றார்கள்.

துறவுக்குக் காரணம் ஞானம் அல்ல, ஒரு கண்ணாடிக் குழாய். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் அம்புரோஸ் அந்தக் குழாயில் நீலத் திரவத்தை ஊற்றி, அதில் நல்லசாமியின் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டியிருந்தார். நீலம் நீலமாகவே நின்றால் உடம்பில் சர்க்கரைத் தொல்லை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சளானால் ஜாக்கிரதை. செங்கல் நிறத்துக்குப் போனால் ஆள் அவ்வளவுதான். நல்லசாமியுடையது பச்சையிலும் நிற்கவில்லை, மஞ்சளிலும் நிற்கவில்லை. எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி நேரே செங்கலில் போய் நின்றது.

வாரம் ஒருமுறை வரும் டாக்டர் நாற்பது நாள் தவணை கொடுத்தார். நாற்பதாம் நாளும் குழாய் சிவந்தால் தினம் காலையில் தொடையில் ஊசி, ஆயுள் முழுக்க.

நல்லசாமி பயந்த ஆள் இல்லை. ஃபாக்டரி வாசலில் சிறுத்தை வந்து படுத்திருந்தபோது டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகப் போனவர். ஆனால் ஊசி வேறு விஷயம். காலரா ஊசி போட ஆள் வந்த வருஷம், இலை வாட்டும் மாடியில் வாடுகிற இலைக்கு நடுவே மூன்று மணி நேரம் படுத்துக் கிடந்தார். இலை வாடி முடிந்து, கீழே தள்ள வந்தவர்கள்தான் அவரைக் கண்டுபிடித்தார்கள். ஆக, இந்த நாற்பது நாள் அவருக்கு உயிர்ப் பிரச்சினை.

டாக்டர் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பழத்திலும் தேனிலும் ஃப்ரக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறதாம், அதிலும் கை வைக்கக் கூடாதாம். நல்லசாமிக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடித்துப் போயிற்று. வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும்போதே அதைச் சொல்லிக்கொண்டு நுழைந்தார்.

"மருதாம்பா, இன்னையிலேர்ந்து இந்த ஊட்டுல சக்கரை கெடையாது, வெல்லம் கெடையாது, பழம் கெடையாது."

"பழம் என்னங்க பண்ணுச்சு?"

"அதுல ஃப்ரக்டோஸ் இருக்குது."

"இருந்துட்டுப் போகுதுங்க. எனக்குத்தான் ஒண்ணுமில்லியே."

"ஊட்டுல ஒருத்தன் விரதம்னா எல்லாரும் விரதம். நீ மூணு கரண்டி போட்டு எம்முன்னால குடிச்சா எம்மனசு என்னாகும்?"

"மனசு அப்படி ஆகாம இருக்கறதுக்குப் பேருதானுங்க விரதம்."

"பேசாத. அந்தத் தேன் பாட்டிலையும் எடுத்துரு. தேன் முழுக்க ஃப்ரக்டோஸ். சக்கரையைவிட மோசம்."

மருதாம்பாள் எடுத்துவிட்டாள். மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பவுண்டருக்கு மகளாகப் பிறந்து, அப்பாவின் மருந்துக் குழாய்களைக் கழுவி வளர்ந்தவள். டீ என்றால் அவளுக்கு உயிர். அதில் மூன்று கரண்டிக்கு ஒரு சிட்டிகை குறைந்தாலும் அது அவளுக்கு டீ அல்ல, வெந்நீர். அப்படிப்பட்டவள் மறுபேச்சுப் பேசாமல் ரேஷன் சர்க்கரை டின்னைத் தூக்கிக்கொண்டு போய், பஜார் வளைவில் டீக்கடையும் பேக்கரியும் வைத்திருக்கும் ஜலீலின் மனைவி ஜெய்புன்னிசாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கொல்லையில் இருந்த பிளம்ஸ் மரத்துப் பழம் முழுக்கத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்குப் போயிற்று. இருபத்தாறு வருஷ தாம்பத்தியத்தில் மருதாம்பாள் எங்கெல்லாம் வாயை மூடிக்கொண்டாளோ, அங்கெல்லாம் தாம் ஜெயித்துவிட்டதாக நல்லசாமி நம்பிவந்தார். இதையும் அந்த வெற்றிகளோடு சேர்த்துக்கொண்டார்.

முதல் நாள் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் நாள் தலைவலி. மூன்றாம் நாள் கண்ணில் பட்டவர்கள் எல்லோர் மேலும் கோபம், அதற்குப் பிறகு இலை உலர்த்தும் மெஷின் மேலும் கோபம். நான்காம் நாள் டீ ருசி பார்க்கும் மேஜையில் ஏழு கிண்ணங்களை வரிசையாக வைத்தார்கள். சாதாரணமாக ஒரு கரண்டி உறிஞ்சித் துப்பினால் போதும், இது கிழக்குச் சரிவு இலை, நேற்று மத்தியானம் பறித்தது என்று நல்லசாமி சொல்லிவிடுவார். நீலகிரியில் தம் நாக்குக்கு இணையான நாக்கு கிடையாது என்பது அவருடைய கட்சி. அன்றைக்கு ஏழையும் உறிஞ்சிவிட்டு ஏழும் கசப்பு என்றார். கசக்காத டீத்தூள் எந்த ஊரில் விளைகிறது என்று அசிஸ்டென்ட் மேனேஜர் கேட்டார்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு, மெயின் ரோட்டில் போனால் யாராவது பார்ப்பார்கள் என்று, டீச்செடிகளுக்கு நடுவே ஒரு மேடு ஏறி, ஒரு பள்ளம் இறங்கி, மறுபடி ஒரு மேடு ஏறி, மூச்சு வாங்க ஜலீல் கடையின் பின்வாசலுக்கு வந்து சேர்ந்தார். பன் சுடும் அடுப்புக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்தார்.

"ஜலீலு, ஒரு டீ. மூணு கரண்டி. ஒரு ஜாம் பன்னு."

"ஊட்ல விரதம்னு கேள்விப்பட்டேனுங்கய்யா."

"ஊட்லதான்."

அந்த முதல் மடக்கு தொண்டையில் இறங்கியபோது அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு சுகத்தை வைத்த கடவுள் செங்கல் நிறத்தையும் ஏன் வைத்தார் என்று நினைத்துக்கொண்டார்.

அதிலிருந்து தினம் நான்கு மணி, தினம் அதே மேடு பள்ளம், தினம் அதே ஸ்டூல். கடையில் எவ்வளவு இனிப்பு உள்ளே போயிற்றோ, வீட்டில் அவ்வளவு உபதேசம் வெளியே வந்தது. சர்க்கரை வெள்ளைக்காரன் செய்த சதி என்றார். கேரட்டைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தார். சர்க்கரையை விட்ட பிறகு மூளை எப்படித் தெளிவாகிறது என்பதை மருதாம்பாளுக்குச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினார். பெல்ட் இரண்டு ஓட்டை உள்ளே போயிற்று. அது மனக்கட்டுப்பாட்டின் பலன் என்று முதலில் அவளிடம் சொன்னார், பிறகு தாமும் பாதி நம்பத் தொடங்கினார்.

"பாத்தியா, இருவது நாளாச்சு. ஒரு மணி சக்கரை தொட்டிருப்பேனா?"

"உங்க வாய் உங்க பேச்சைக் கேக்குதுங்க" என்று மருதாம்பாள் சொல்லிவிட்டு, வெறும் டீயை முகம் சுளிக்காமல் குடித்தாள். அவள் முகம் சுளிக்காதது அவர் கண்ணில் படவில்லை.

முப்பத்தாறாம் நாள்தான் நல்லசாமி காலண்டரைப் பார்த்தார். இன்னும் நான்கே நாள். குழாய் என்ன நிறத்துக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? ஜாம் பன்னின் நிறத்துக்குத்தான் போகும். ஊசி கண் முன்னால் வந்து வந்து நின்றது. ஒரு பகல் முழுக்க யோசித்தார். சாயங்காலம் முகமெல்லாம் பரிவாக வீட்டுக்குள் வந்தார்.

"மருதாம்பா, நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோ."

"எனக்கு எதுக்குங்க?"

"உம்மேல எனக்கு அக்கறை இருக்கக் கூடாதா?"

இந்த வார்த்தை அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை. மருதாம்பாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இருக்கலாமுங்க. பாட்டில் எப்பக் குடுக்கோணும்?"

"வெள்ளிக்கெழமை காத்தால. ரெண்டையும் நானே கொண்டு போறேன். நீ அலைய வேண்டாம்."

"பேர்ச் சீட்டு?"

"அதையும் நானே எழுதிக் கட்டிக்கறேன்."

"எல்லாம் நீங்களே பண்றீங்க" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு மருந்து பாட்டில்கள், கழுத்தில் நூலால் கட்டிய இரண்டு சீட்டுகள், ஒரு துணிப்பை. பாதி வழியில் ஒரு சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னால் நல்லசாமி நின்றார். ஊர் முழுக்க மூடியிருந்த பனிமஞ்சு அவருக்கு ஒத்தாசையாக இருந்தது. இதன் சீட்டு அதற்குப் போயிற்று, அதன் சீட்டு இதற்கு வந்தது. நாற்பது நாள் வெறும் டீ குடித்த மருதாம்பாளின் பாட்டில் இப்போது 'டீமேக்கர்' ஆகிவிட்டது. அதைவிடச் சுத்தமான பாட்டில் இந்த மலையில் இருக்குமா? யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்திக்கொண்டு நடந்தார். மருதாம்பாள் பெயரில் சிவந்தால்? அது ஏதோ கோளாறு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்புரோஸ் அதிகம் பேசாத மனிதர். 'டீமேக்கர்' என்ற பாட்டிலைத் திறந்தார். எட்டுச் சொட்டு. ஸ்பிரிட் விளக்கு. நீலம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பச்சை, பிறகு மஞ்சள், பிறகு செங்கல்.

"செங்கல்கூட இல்ல. சூளை" என்றார் அம்புரோஸ்.

அடுத்த பாட்டிலை எடுத்துக் காய்ச்சினார். நீலம் நீலமாகவே நின்றது. வானம் மாதிரி இருக்கிறது, அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிக்கொண்டே ஊசிப் பெட்டியைத் திறந்தார்.

நல்லசாமி முதலில் ஊசியைத்தான் பார்த்தார். அதற்குப் பிறகுதான் மூளை மெல்ல வேலை செய்தது. சிவந்தது யார் பாட்டில்? மருதாம்பாளுடையது. தம்முடையது எப்படி நீலமாக நின்றது என்று அவர் யோசிக்கவேயில்லை. அவளுக்கு இவ்வளவு சர்க்கரை. சூளை அளவுக்கு. அது தெரியாமல் இருபத்தாறு வருஷமாக அவள் போட்ட டீயைக் குடித்துக்கொண்டு, அவள் பேச்சைக் கேலி பண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். வாயைத் திறக்காவிட்டால் அவளுக்கு வைத்தியம் நடக்காது. அவள் இல்லாத வீட்டை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அவருக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் வந்ததே கிடையாது. ஊசி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"சார், அதை வையுங்க. அது எம்பாட்டில் இல்ல. எம்பொஞ்சாதியோடது. வழியில சீட்டை மாத்திக் கட்டிட்டேன். எனக்கு எத்தனை ஊசி வேணும்னாலும் போடுங்க சார். முதல்ல அவளைக் காப்பாத்துங்க."

"என்னை யாரும் காப்பாத்த வேண்டாமுங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மருதாம்பாள் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். "பாட்டில்ல ஒரு கரண்டி தேன் விட்டிருக்குது."

"தேனா?"

"நீங்கதானுங்களே சொன்னீங்க, தேன் முழுக்க ஃப்ரக்டோஸ்னு. கடைச் சக்கரையைக் கரைச்சா இந்த நீலம் அசையாது. தேனுக்கு ஒடனே செவந்துரும். எங்கப்பன்கிட்ட நான் கழுவாத குழாயா?"

"எதுக்கு இப்படிப் பண்ணுனே?"

"நீங்க நேரா கொண்டாந்திருந்தா எம்பேருலதான் செவந்திருக்கும். நான் விசயத்தைச் சொல்லிட்டுப் போயிருப்பேன். மாத்துனதாலதான் உங்க பேருல செவந்துச்சு."

காப்பாத்துங்க என்று அவர் சொன்னதை அவள் வாசலில் நின்று கேட்டிருந்தாள். ஆனால் அதற்காக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

நல்லசாமி நீலக் குழாயைக் காட்டினார். "அப்ப இது என்னோடதா? அது எப்படி? நான் தினமும் மூணு கரண்டி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"மூணு கரண்டியா?" என்றார் அம்புரோஸ்.

"அதையும் சொல்லிருங்க" என்றாள் மருதாம்பாள்.

அவர் சொல்லவில்லை, அவளே சொன்னாள். ஆறாம் நாளே ஜெய்புன்னிசா வந்து ஸ்டூல் விவகாரத்தைச் சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை கால் கரண்டி வீதம் அவர் டம்ளரில் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னாளாம். கடைசிப் பத்து நாள் அவர் சப்புக்கொட்டிக் குடித்தது வெறும் டீ. ஜாம் பன்னுக்கு ஜாம் கத்தியைக் காட்டியதோடு சரி. மீதி வேலையை அந்த மேடும் பள்ளமும் பார்த்துக்கொண்டன. இவர் வீட்டை விட்டு வெளியேற்றிய ரேஷன் டின் ஜெய்புன்னிசாவின் அடுப்படியில்தான் இருந்தது. அவர் டம்ளரில் குறைந்ததெல்லாம் தினம் காலை பத்து மணிக்கு மருதாம்பாளின் டம்ளரில் சேர்ந்தது.

"எந்தச் சரிவு இலைன்னு சொல்ற நாக்கு..." என்று தொடங்கி, கம்பவுண்டர் இருக்கிறார் என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்த மரியாதைதான் நல்லசாமிக்கு அதிகம் வலித்தது.

அம்புரோஸ் ரிஜிஸ்டரைத் திறந்து வெகுநேரம் யோசித்தார். கடைசியில், கணவர்: நீலம், மனைவி: தேன் என்று எழுதி மூடினார்.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு நல்லசாமி மெயின் ரோட்டிலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். ஊசியும் இல்லை, ஒளிவதற்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கணக்கு மட்டும் பாக்கி. ஜலீல் கடையில் முன்வாசல் வழியாக நுழைந்து, எல்லோரும் பார்க்கிற பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஜலீலு, ஒரு டீ. நாலு கரண்டி. எங்கண்ணு முன்னால போடு."

ஜலீல் ஒவ்வொரு கரண்டியையும் உயர்த்திக் காட்டிப் போட்டுக் கலக்கிக் கொடுத்தான். நல்லசாமி ஒரு வாய் உறிஞ்சினார். நாக்கெல்லாம் பிசின் மாதிரி ஒட்டியது. பாகு காய்ச்சும் வாணலியில் வாயை வைத்த மாதிரி இருந்தது. இரண்டாம் வாய்க்கு டம்ளரைத் தூக்கினார். தொண்டை திறக்கவில்லை. கடையில் இருந்த நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாக டம்ளரைக் கீழே வைத்தார்.

"இதைக் கொட்டிட்டு..." என்று குரலைத் தாழ்த்தினார், "சக்கரை போடாம ஒண்ணு குடு."

சர்க்கரை போடாத டீ ஏற்கெனவே ஆற்றித் தயாராக இருந்தது. ஜலீல் அதை அவர் முன்னால் வைத்தான்.

"அந்த நாலு கரண்டி டீயை மட்டும் கொட்ட வேண்டாம்னு மருதாம்பா அக்கா சொல்லிருக்காங்கய்யா. ஒரு வாய்க்கு மேல நீங்க குடிக்க மாட்டீங்களாம், நாலரைக்கு வந்து அவங்களே குடிச்சுக்கறாங்களாம்."