நடுச்சுவரை இடித்தவர் மாப்பிள்ளைக்கு எழுதியது

அன்பு மாப்பிள்ளைக்கு,

மிகுந்த சந்தோஷத்தில் மாமா எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் அத்தை நலம், கம்ப்யூட்டர் என்றைக்கும் இல்லாத நலம். அங்கே உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். நீங்கள் மட்டும் ஒரு வாரமாக எதையோ தொலைத்துவிட்டு, சாப்பாடு இறங்காமல் அலமாரியையும் மெத்தையையும் புரட்டிக்கொண்டிருப்பதாக மகள் போனில் சொன்னாள். என்ன பொருள் என்று நான் கேட்பதற்குள், அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள். பதறாதீர்கள். உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தே தலை நரைத்தவன் சொல்கிறேன், தொலைந்த பொருள் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. யாரோ ஒருவர் அதை வேறு இடத்தில் பத்திரமாக வைத்திருப்பார், அவ்வளவுதான்.

இதைப் போனில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. போனில் என்றால், நான் மூச்சு வாங்கும் இடைவெளியில் "சரி மாமா, அப்புறம் பேசறேன்" என்று நழுவிவிடுவீர்கள். அலுவலக வேலையாக இந்தப் பக்கம் வந்திருக்கும் மகள், ஊர் திரும்பும் வழியில் இன்று எட்டிப்பார்ப்பதாகச் சொன்னாள். அவள் கையில் கொடுத்தனுப்பினால் நீங்கள் முழுவதும் படித்தே ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன முறை வந்தபோது குடும்பப் போட்டோக்களையெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "மாமா, எதையும் தொடாதீங்க" என்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? தொட்டுவிட்டேன்.

பின்னே என்ன செய்யச் சொல்கிறீர்கள்? நீங்கள் கிளம்பியதிலிருந்து சி டிரைவ் சிவப்புக் கோட்டைக் காட்டி "இடம் இல்லை, இடம் இல்லை" என்று பிராணனை வாங்குகிறது. ஒரு கடிதம் டைப் அடித்தால் சேமிக்க மறுக்கிறது. அத்தைக்கோ நடனப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மேடை உடை தைக்கும் வேலை வந்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் அளவும், துணி வெட்டும் படமும் டி டிரைவில் இருக்கின்றன. நான் இடம் பண்ணித் தருகிறேன் என்று சொன்னதுமே அவள் தையல் மிஷினை நிறுத்தினாள். மிஷினை நிறுத்திவிட்டு அவள் பேசினால் அது சாதாரணப் பேச்சு இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

"இங்க பாருங்க, அந்தப் பிள்ளைங்க அளவுல ஒண்ணே ஒண்ணு காணாமப் போனாலும் கம்ப்யூட்டர் பால்கனிக்குப் போகும். கூடவே நீங்களும் போவீங்க. திங்கட்கிழமை துணியில கத்திரி வைக்கணும், சொல்லிட்டேன்."

இதற்குப் பயந்து ஒதுங்குகிறவனா நான்? வீடியோவில் பாடம் நடத்தும் ஒரு தம்பியைப் பிடித்தேன். "பயப்படாதீங்க நண்பர்களே" என்று ஆரம்பித்து, பயப்படுகிற மாதிரியே எல்லாவற்றையும் சொல்வார். அவர் சொன்னபடி கம்ப்யூட்டரின் டிரைவ்களையெல்லாம் கட்டம் கட்டிக் காட்டும் பக்கத்தைத் திறந்தால், அட, நம் கிடங்கு வரைபடமேதான்! வரிசையாக மூன்று அறை. முன்னறை சி, மூச்சு விட இடமில்லை. நடு அறை டி, அத்தையுடையது. கடைசி அறை ஈ, என்னுடையது, அதில் என் சுயசரிதையின் முதல் பக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துவிட்டு ஈயை டிலீட் செய்தேன். காலியிடம் கறுப்புப் பட்டையாக வந்து நின்றது. துள்ளிக் குதித்துக்கொண்டு சியைப் பெரிதாக்கப் போனால், அந்தக் கட்டளை மங்கிப்போய் அமுங்கவே மாட்டேன் என்கிறது! எத்தனை தட்டு தட்டியும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கிறது. அப்புறம் தம்பி சொன்னார், காலியிடம் சியின் வலது தோளை ஒட்டியே இருக்கவேண்டுமாம். நடுவில் ஒருவர் நின்றால் நடக்காதாம். நடுவில் நிற்பது யார்? அத்தை. இந்த வீட்டில் எந்த விஷயமானாலும் அப்படித்தானே!

ஆக, நடு அறையைக் காலி செய்து சுவரை இடிக்கவேண்டும். ஆனால் அத்தையின் சாமான்களை அதுவரை எங்கே வைப்பது? சியில் இடமில்லை, ஈயை இடித்தாயிற்று. அப்போதுதான், மாப்பிள்ளை, அதே பக்கத்தில் கீழே தனி வரிசையில் இரண்டு அறைகள் கண்ணில் பட்டன. ஜி, ஹெச் என்று பெயர். உன்னுடையதா என்று அத்தையைக் கேட்டேன், "எனக்கெதுக்கு அது?" என்றாள். நானும் வைக்கவில்லை. உள்ளே திறந்து பார்த்தால் எல்லாம் வாயில் நுழையாத ஆங்கில எழுத்தும் எண்ணும் புள்ளியும். ஒரு போட்டோ கிடையாது, ஒரு பாட்டு கிடையாது. கம்ப்யூட்டர் தன்பாட்டுக்குச் சேர்த்துவைக்கும் குப்பை என்று தீர்மானித்தேன். கிடங்கில் உரிமை கோராத சரக்கை நான் எத்தனை ஏலத்தில் தள்ளியிருக்கிறேன்! இரண்டையும் டிலீட் செய்தேன். "எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?" என்று அது மறுபடி மறுபடி கேட்டது. வீடு கட்டுகிறவன் சுண்ணாம்பு உதிர்வதைப் பார்த்து அழுவானா? ஆம், ஆம், ஆம் என்று தட்டினேன். மானிட்டருக்குப் பின்னால் சோப்பு டப்பா அளவில் ஒரு சாதனம் இருக்கிறதே, நான் தினமும் தூசி தட்டுவேனே, அதன் நீல விளக்குகூட உற்சாகமாக மினுக்கியது.

இரண்டையும் சேர்த்து ஒரே அறையாக்கி, "அம்மா" என்று பெயர் சூட்டி, அத்தையின் அளவுகளை ஒன்று விடாமல் அதில் குடியேற்றினேன். திறந்தும் பார்த்தேன். எல்லாம் இருந்தது. பிறகு மனதைக் கல்லாக்கிக்கொண்டு டியை இடித்தேன். சியைப் பெரிதாக்கும் கட்டளை பளிச்சென்று தெளிந்தது! அமுக்கினேன். நீலப் பட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடிப்போய் நின்றதே, அடடா, நான் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டினேன். அத்தை என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

"பாரு, ஒரே கூடம்!"

"அளவெல்லாம்?"

"பத்திரமா இருக்கு. நீ பேசாம போய்த் தை."

இனிமேல் அவற்றைப் புதிய கூடத்துக்குள் திருப்பி வைக்கிற வேலை ஒன்றுதான் பாக்கி. அது சும்மா காப்பி, பேஸ்ட். வெற்றியின் சூடு ஆறுவதற்குள் உங்களுக்கு எழுதிவிடவேண்டும் என்று படுக்கையறையில் வந்து உட்கார்ந்துவிட்டேன். இனி எங்கள் கம்ப்யூட்டருக்காக நீங்கள் மெனக்கெட வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது டிரைவ் சேர்க்கவேண்டும் என்றாலும் தயங்காமல் மாமாவிடம் சொல்லி அனுப்புங்கள்.

தொலைத்த பொருள் சீக்கிரம் கையில் கிடைத்து, நன்றாகச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி, மேன்மேலும் உயர வாழ்த்தும்,
உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே கையெழுத்துப் போடும்போதே மகள் வந்துவிட்டாள். கூடத்தில் பேசியது கதவு வழியாகக் காதில் விழுந்தது.

"அம்மா, அவரோட ஹார்டு டிஸ்க் இங்க இருக்கா பாரு. கறுப்பா, சோப்பு டப்பா மாதிரி. ஆபீஸ் வேலை மொத்தமும் அதுலதானாம். வீட்டையே தலைகீழாக்கிட்டார்."

"கம்ப்யூட்டர் பின்னாடி ஒண்ணு மினுக்கிக்கிட்டு இருக்கே."

"இதேதான்!"

"உடனே எடுத்துட்டுப் போயிடு. உங்கப்பா கண்ணுல பட்டா நோண்டிடுவார்."

பேனாவை மூடிவிட்டு நான் எழுந்து ஓடிவருவதற்குள் கார் தெருமுனை திரும்பிவிட்டது. ஜியும் ஹெச்சும் யாருடையவை என்று இப்போது எனக்குப் புரிந்துவிட்டது. தொலைந்த பொருள் கிடையாது என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படிக்கவும். உங்கள் சாமான் எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை, அத்தையின் சாமான் எல்லாம் அதில்தான் இருக்கிறது. தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் நிம்மதியாகக் கத்திரிக்குச் சாணை பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள். நான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். போன் விடாமல் அடிக்கிறது, நீங்கள்தான்; பெட்டி கிடைத்த சேதியை மகள் சொல்லியிருப்பாள். எடுக்கத் தைரியம் இல்லை. கோபம் எவ்வளவு வந்தாலும், திங்கட்கிழமை வரைக்குமாவது, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன் மாப்பிள்ளை, அதில் எதையும் தொடாதீங்க.