டைம் கீப்பர் ஊர் மாறிய கதை

டைம் கீப்பர் அன்று காலை ஏழு பன்னிரண்டுக்கு ஒரு பெரிய முடிவு எடுத்தார். ஏழு மணி வாக்கில் என்று சொல்லிவிட்டுப் போகலாம்தான். அவருக்குப் பிடிக்காது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பஸ் கம்பெனியின் டிப்போவில், எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிஷத்துக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதி, விசில் ஊதி, டிரைவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷர். வீட்டில் பால் பொங்குவதற்குக்கூட அவரிடம் ஒரு நேரம் உண்டு. பால்தான் அதை மதிப்பதில்லை.

முடிவு இதுதான்: குடும்பத்தோடு வேறு மாநிலத்துக்குப் போய்விடுவது.

காரணம் ஒன்றே ஒன்று. அவருடைய ஒரே மகளுக்கு அந்த மாநிலத்தில் ஒரு காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. வயது பதினெட்டு ஆகியும் அவருக்கு அவள் இன்னும் 'பாப்பா'தான். பஸ்ஸில் பதினாலு மணி நேரப் பயணம். பாப்பா ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகிறாள். அவள் தலைகால் புரியாமல் குதிக்கிறாள். இவரால்தான் சந்தோஷப்பட முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், "அப்பா, நாலு நிமிஷம் லேட்டு. மெமோ கொடுக்கவா?" என்று கிண்டல் பண்ண ஆள் இருக்காது. அதை நினைத்தாலே கண்ணில் தண்ணீர் முட்டியது.

யோசித்து யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்தார். குடும்பமே அங்கே போய்விட்டால்? வீடு பக்கத்திலேயே இருந்தால் ஹாஸ்டல் எதற்கு? ஆனால் இதை இப்போதே சொன்னால் மகள் தாம்தூம் என்று குதிப்பாள். மனைவி மகள் பக்கம் சாய்வாள். அதனால் முதலில் எல்லாரையும் அங்கே கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். அப்புறம், "வீடுதான் இங்கேயே இருக்கே!" என்று ஒரே போடாகப் போட வேண்டும். அதுவரை ஹாஸ்டல் என்ற வார்த்தை வாயில் வரக்கூடாது.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இங்க பாரு, ஒரு விஷயம் பேசணும்."

"பேசுங்க. எத்தனை நிமிஷம்?"

"இந்த ஊர் ஓட்டம் போதும்னு தோணுது. வேற மாநிலத்துல நம்ம கம்பெனிக்கு ஒரு சின்ன டிப்போ இருக்கு. ஒரு நாளைக்குப் பதினோரு வண்டிதான். மாத்தல் கேக்கப் போறேன். இனிமே நிதானமா வாழணும்."

"யாரு?"

"நான்தான்."

"பல்லு விளக்கறதுக்கே கடிகாரத்தைப் பாக்கற ஆளு நீங்க. நீங்களா நிதானமா வாழப் போறீங்க?"

"அதனாலதான் மாறணும்ங்கறேன். பாப்பாவுக்குக் காலேஜும் அங்கதானே? தற்செயலா எல்லாம் கூடி வந்திருக்கு."

"ஓ. தற்செயலா?"

"சத்தியமா!" என்று ஒரு சிரிப்புச் சிரித்தார்.

மனைவி அந்தச் சிரிப்பையே உற்றுப் பார்த்தாள். செயற்கைப் பல் செய்கிற லேபில் வேலை அவளுக்கு. யார் பல் சொந்தப் பல், யார் பல் கட்டின பல் என்று சிரிக்கும்போதே சொல்லிவிடுவாள்.

"என்னால முடியாதுங்க," என்றாள்.

அன்று முடியாது. மறுநாளும் முடியாது. பழகின வேலை, பழகின அடுப்பு, பழகின தெரு, எதையும் விட்டு வர முடியாது என்று ஒரே பிடிவாதம். டைம் கீப்பர் கெஞ்சினார். நிதான வாழ்க்கையைப் பற்றி அரை மணி நேரம் மூச்சு விடாமல் பேசி, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்தார். மூன்றாம் நாள் அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

"சரி, வரேன். ஆனா சில விஷயம் இருக்கு."

"நூறு சொல்லு!"

"எனக்கு அங்க வேலை கிடைக்கணும்."

"உன் கை சுத்தத்துக்கு ஓடி வந்து கொடுப்பாங்க."

"காலைச் சமையல் உங்களோடது. பதினோரு வண்டிதானே, நேரம் நிறைய இருக்கும்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. அடுப்பை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, "சரி," என்றார்.

"வீடு நான்தான் பாப்பேன். நீங்க தலையிடக் கூடாது."

"உன் இஷ்டம். காலேஜுக்குப் பக்கமா இருந்தா போதும்."

"எவ்வளவு பக்கம்?"

"நடக்கற தூரம்."

"யாரு நடக்கற தூரம்?"

"பொதுவா சொன்னேம்மா!"

நாலே நாளில் அவளுக்கு அந்த ஊரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துவிட்டது. லேபுக்கே பொறுப்பாளர். அடேயப்பா, என்ன வேகம் என்று அசந்துபோனார் டைம் கீப்பர். எல்லாம் தன் ராசி என்று நினைத்துக்கொண்டார். சந்தோஷம் தாங்காமல் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் போய் முழுத் திட்டத்தையும் அளந்தார்.

"வீட்டுல எதையும் நேரா கேக்கக் கூடாதுய்யா. சுத்தி வளைச்சுப் போகணும்."

"என் வீட்டுல நான் எப்படிச் சுத்தினாலும் ஷாக்தாண்ணே அடிக்குது."

"உனக்கு மெயினை அணைக்கத் தெரியல."

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான். "அண்ணி மூணே நாள்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"மூணே நாள்!"

"என் வீட்டுக்காரி ஒரு பல்பு மாத்தறதுக்கே ஒரு வாரம் வாதாடுவா. எதுக்கும் கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே."

"போய்யா, பொறாமை பிடிச்சவனே!"

அவருக்கும் மாத்தல் ஆர்டர் வந்தது. மூட்டை கட்டும் வேலை ஆரம்பித்தது. அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் ஒருவர்கூட ஹாஸ்டல் என்ற பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு பேரையும் மறக்கடித்துவிட்டோம் என்று டைம் கீப்பர் தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார். பாப்பா கடைக்குப் போய்ப் புதுசாக ஒரு பக்கெட்டும் ஒரு பூட்டும் வாங்கி வந்தாள். புது வீட்டுக்கு இப்போதே எவ்வளவு பொறுப்பாக வாங்குகிறது குழந்தை என்று உருகிவிட்டார்.

லாரி முன்னால் போக, மூவரும் பின்னால் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். அமைதியான தெரு. நடுரோட்டில் ஒரு பூனை படுத்துத் தூங்கியது. வந்த சைக்கிள்காரர் மணிகூட அடிக்காமல் அதைச் சுற்றிக்கொண்டு போனார். மாடியில் வீடு. நல்ல காற்று, நல்ல வெளிச்சம். டைம் கீப்பர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். இது ஹால். இது சமையலறை. இது படுக்கையறை. மிச்சம் இரண்டு கதவு. ஒன்றைத் திறந்தார், குளியலறை. இன்னொன்றைத் திறந்தார், துடைப்பம் ஒன்று அவர் மேல் சாய்ந்தது.

"பாப்பாவோட ரூம் எங்க?" என்றார்.

"ஹாஸ்டல்ல, ரெண்டாவது மாடி," என்றாள் பாப்பா. "ஜன்னலோரக் கட்டில் சொல்லி வாங்கிட்டேம்ப்பா!"

டைம் கீப்பர் பதினெட்டு நாளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த வசனத்தை எடுத்து விட்டார்.

"வீடுதான் இங்கேயே இருக்கே..."

ஒரே போடாக விழ வேண்டியது. நூல் அறுந்த பட்டமாக எங்கேயோ போய் விழுந்தது. பாப்பா அவர் தோளில் சாய்ந்து, "அதாம்ப்பா எனக்கும் தைரியமா இருக்கு," என்றாள். பிறகு பக்கெட்டையும் பூட்டையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். மனைவி கூடவே போய் விட்டுவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். அவர் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க மாத்தல் பேச்சை எடுக்கறதுக்குப் பத்து நாள் முன்னாலயே நான் இங்க வேலைக்கு எழுதிப் போட்டாச்சு. உங்களை எப்படிக் கிளப்பறதுன்னுதான் முழிச்சிட்டு இருந்தேன். நீங்களே வந்து கேட்டீங்க."

"அப்ப எதுக்கு மூணு நாள் முடியாதுன்னே?"

"உடனே சரின்னு சொல்லியிருந்தா காலைச் சமையலுக்கு ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

அவருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. அழுகைதான் வந்தது. இந்தத் தடவை மறைக்கவும் இல்லை.

"அவ இல்லாம எனக்குச் சாப்பாடு இறங்காதும்மா."

"எனக்கு மட்டும் இறங்குமா?" அவளும் இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அதனாலதான் ஊரையே விட்டுட்டு வந்திருக்கேன். ஆனா பக்கத்துல இருக்கத்தான் வந்திருக்கோம், கூடவே இருக்க இல்ல. அவ வளரட்டுங்க."

அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. டைம் கீப்பர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி என்பதுபோல் தலையை ஆட்டினார்.

தலை ஆடியதே தவிர, மனசு ஆடவில்லை. மூன்றாம் நாள் டிப்போவில் பத்து மணி இருபது நிமிஷ வண்டியை விசில் ஊதி அனுப்பினார். அடுத்த வண்டி பன்னிரண்டு ஐம்பதுக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் முழுசாக, சும்மா கிடந்தது. ஒரு குடையை எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு வார்டன் அம்மா உட்கார்ந்திருந்தார். பேசிப் பார்த்தால் நம்ம பாஷைக்காரர். டைம் கீப்பருக்கு உயிர் வந்தது.

"என் பொண்ணைப் பாக்கணும்மா. ரெண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். குடை கொடுக்கணும்."

"மழையே இல்லையே சார்."

"வரும்."

"எப்ப?"

டைம் கீப்பர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். துளி மேகம் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரால் ஒரு நேரத்தைச் சொல்ல முடியவில்லை.

வார்டன் அம்மா ஒரு ஃபைலைப் புரட்டினார். ஒரு தாளில் விரல் வைத்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"மாணவியின் தந்தை முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு பொருளோடு வருவார். பொருளை மட்டும் வாங்கிக்கொள்ளவும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, தாயாருடன் வந்தால் மட்டும் அவரை உள்ளே விடவும்."

டைம் கீப்பருக்கு முகம் சிவந்துவிட்டது. "பெத்த அப்பனை உள்ள விடாதேன்னு எழுத யாருக்கு அதிகாரம் இருக்கு? யாரும்மா கையெழுத்துப் போட்டது? நான் சும்மா விட மாட்டேன்!"

வார்டன் அம்மா தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவர் குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. மனைவி சம்மதித்த அன்று, "பாப்பா காலேஜ் பேப்பருங்க," என்று அவள் நீட்டினதில் எல்லாம், வெற்றிக் களிப்பில், ஒரு வரிகூடப் படிக்காமல், நாற்பது விநாடியில் கையெழுத்துப் போட்டுத் தள்ளியது ஞாபகம் வந்தது.

"உங்க கையெழுத்துதானே சார்?" என்றார் வார்டன் அம்மா. "குடையை வெச்சுட்டுப் போங்க."