சல்லிக்காசு செலவில்லாத சமதளம்

என் வீட்டுக் கொல்லையில் ஒரு முட்டையை வைத்தால் அது அடுத்த ஊரில்தான் போய் நிற்கும். அப்படியொரு சரிவு. இந்த வசந்தத்தில் ஒரு சபதம் செய்தேன். தலையை அடகு வைத்தாவது அதைச் சமன் செய்துவிடுவது என்று.

காரணம், போச்சே. பெயரைக் கேட்டால் ஏதோ தொலைந்துபோன மாதிரி இருக்கும். தொலைவது எங்கள் சனிக்கிழமைதான். சின்னக் குண்டுக்குப் பக்கத்தில் பெரிய குண்டை யார் உருட்டிக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்கிற ஆட்டம். மதுக்கடைக்குப் பின்னால் இருக்கும் தளத்தில் என் முறை வருவதற்குள் இருட்டிவிடும். எனக்கென்று சொந்தமாக ஒரு தளம் வேண்டும். வேறு ஆசையே எனக்கு இல்லை, சத்தியமாக.

இதை மனைவியிடம் சொல்ல முடியுமா? கொல்லையில் அளவுக் குச்சி நட்டுக்கொண்டே தக்காளிப் பாத்தி என்றேன்.

"நெதில்கா, சரிவுல தண்ணி நிக்க மாட்டேங்குது. சமன் பண்ணிட்டா தக்காளி கொத்துக்கொத்தா காய்க்கும்."

"பண்ணுங்களேன். ஆனா பாத்தி எதுக்கு ரயில் மாதிரி நீளமா இருக்கு?"

"வேர் ஓட இடம் வேணாமா?"

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். நான் பயந்திருக்க வேண்டிய இடம் அதுதான்.

மண் தோண்டும் இயந்திரம் வைத்திருக்கும் யெர்கோவைக் கூப்பிட்டேன். மேல்மூலையில் கயிற்றைக் கட்டி, ரசமட்டம் பார்த்து மட்டமாகப் பிடித்துக்கொண்டே இறங்கினான். கீழ்மூலைக்குப் போனபோது கயிறு அவன் தலைக்கு மேலே இருந்தது.

"என்ன ஆகும் யெர்கோ? சும்மா மேல வெட்டிக் கீழ போடறதுதானே?"

"வெட்டிப் போடறது ஒரு நாள் வேலைண்ணே. போட்டது மழையில ஓடாம நிக்கணும்ல? அதுக்குச் சுவர். சுவரைத் தண்ணி தள்ளக் கூடாதுல்ல? பின்னாடி சல்லி, குழாய். அடியில பூரா பாறை வேற."

"மொத்தமா சொல்லு."

"ஒன்பதாயிரம் யூரோ. நீங்கங்கிறதால."

நானாக இல்லாவிட்டால் எவ்வளவு என்று கேட்கத் தெம்பில்லை. என் காரை விற்றால் சல்லிக்குக்கூடக் காணாது.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. எங்கள் மலைப்பக்கத்தில் மோபா என்று ஒரு வழக்கம் உண்டு. பெரிய வேலைக்கு ஊரைக் கூப்பிடலாம். கூலி கிடையாது, சாப்பாடும் வைனும் போட்டால் போதும். பிறகு அவர்கள் கூப்பிடும்போது நாமும் போக வேண்டும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பொழுது திராட்சை பறிக்கக் கூப்பிடுவார்கள். அன்றைக்கு எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். என் இடுப்பு என் சொல்பேச்சு கேட்கும்.

"நல்ல யோசனைங்க" என்றாள் நெதில்கா. "நானே வீடு வீடா போய்க் கூப்பிடறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவியிடம் பொய் சொல்கிறோமே என்று உண்மையாகவே வருந்தினேன்.

அக்கம்பக்கத்து ஏழு வீட்டு ஆண்களும் வந்தார்கள். பாறையை உடைத்தார்கள், உடைந்த கல்லையே சுவராக அடுக்கினார்கள். நெதில்கா முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் சுட்டுப் போட்டாள். இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் மணல் பரப்பித் திமிசு போட்டுக் கல்லாக இறுக்கி முடித்தோம். நான் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த குண்டை எடுத்துத் தரையில் வைத்தேன். அசையவில்லை. குழந்தை பிறந்த சந்தோஷம்.

பக்கத்து வீட்டு பாஷ்கோ வியர்வையைத் துடைத்தான்.

"சரி ஷிமே, அடுத்த வாரம் என் கொல்லை."

"உன் கொல்லையா?"

"அப்புறம் ஸ்லாவ்கோ. அப்புறம் அந்தே. இதே மாதிரி சுவரோட சமன் பண்ணித் தருவேன்னு நீதானே சொல்லி அனுப்பினே? அதனாலதானே வந்தோம். எல்லாரும் எல்லார் வீட்டுக்கும்னு பேச்சு."

எங்கள் ஊர் முழுக்க மலை. சமமாக இருப்பது கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். நெதில்காவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடி சொல்லி வெச்சே? எனக்கு இடுப்பு வலி இருக்குல்ல?"

"அதை நினைச்சுத்தாங்க பாதிரியார்கிட்ட சொல்லிட்டேன். எந்த வாரம் யார் வீடுன்னு பூசை முடிஞ்சதும் அவரே அறிவிச்சிடுவார். சாமி முன்னாடி சொன்னா இடுப்பு சரியாயிடும்."

"தெரிஞ்சே பண்ணியிருக்கே."

"தக்காளிக்குத் திமிசு போடற மனுஷனை இப்பதானே பார்க்கிறேன்."

இப்போது மூன்று சனிக்கிழமை போயிருக்கிறது. ஸ்லாவ்கோ கொல்லையில் பாதிதான் ஆகியிருக்கிறது, அடியில் மலையே இருக்கிறது. நேற்று முதுகை இரண்டாக மடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். கொல்லையில் ஒரே சிரிப்பு. ஏழு வீட்டுப் பெண்களும் வைன் ஜாடியோடு சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் நெதில்கா, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்துக் குண்டை உருட்டுகிறாள். அது சின்னக் குண்டை ஒட்டிப் போய் நின்றது. நான் முப்பது வருஷமாக உருட்டியும் அப்படி நின்றதில்லை.

ஆசையை அடக்க முடியாமல் ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"ஏங்க, காலெல்லாம் மண்ணு. தளத்தை மிதிக்காம சுத்திப் போங்க."