மூன்றாவது கிராஸ் ஆண்கள்

ஷைனி, ஜோயல், ரெண்டு பேரும் கேளுங்கள். வேலை தெரியாதவன் கெடுத்ததைச் சரி செய்துவிடலாம். அக்கறையாக வேலை பார்த்துக் கெடுத்தவன் இருக்கிறானே, அவனைத் திட்டக்கூட வாய் வராது. லிஃப்ட் மெக்கானிக்காக நான் இந்த உண்மையைப் பல கட்டடங்களில் கண்டிருக்கிறேன். உங்கள் அம்மா ஒரே கட்டடத்தில் கண்டாள், அவளுடைய யுனிவர்சிட்டியில். கெடுத்தவன் நான்.

அப்போது ஷைனிக்கு ஏழு வயது, ஜோயலுக்கு நாலு. அம்மா ஒரு காலேஜில் எகனாமிக்ஸ் கெஸ்ட் லெக்சரர். அடுத்த வருஷம் வேலை உண்டா இல்லையா என்று அடுத்த வருஷம்தான் தெரியும். அந்தக் காலேஜில் ஒரு நிரந்தர இடம் காலியானது. டாக்டர் பட்டம் இருந்தால்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவார்கள். நான் ஐ.டி.ஐ.யோடு நிறுத்திக்கொண்டவன். அவளோ கல்யாணத்துக்குப் பிறகு எம்.ஏ. முடித்து, ஆறு வருஷமாகக் குக்கர் விசிலுக்கு நடுவில் தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தாள். அதை அந்த வருஷமே முடித்தாக வேண்டும்.

பெங்களூர் பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டுக்கு வந்து எத்தனை நிமிஷம் உழைக்கிறார்கள், அவர்கள் வீட்டு ஆண்கள் எத்தனை நிமிஷம் உழைக்கிறார்கள் என்பதுதான் தீசிஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் ஃபார்ம் நிரப்புவாள். நான் ஸ்கூட்டர் ஓட்டிவிட்டு வாசலில் நிற்பேன். பதினேழாவது கேள்வி, 'நேற்று இந்த வீட்டு ஆண் வீட்டு வேலையில் செலவிட்ட நிமிடங்கள்.' அந்தக் கேள்வி வரும்போது மட்டும் உள்ளே யாராவது டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

கடைசி ஞாயிறு ஜோயலுக்குக் காய்ச்சல். மறுநாள் எல்லா ஃபார்மும் கைடு மேடத்திடம் போக வேண்டும்.

"மூணாவது கிராஸ்ல பதினோரு வீடு பாக்கிங்க. நீங்க போய்க் கேட்டு எழுதிட்டு வாங்க. வீடு பூட்டியிருந்தா, பூட்டியிருந்ததுன்னு எழுதுங்க. அது போதும்" என்றாள் உங்கள் அம்மா கிரேஸ்.

போனேன். பதினோரு வீட்டிலும் பூட்டு. தெருவே ஒரு கல்யாணத்துக்கு வேன் பிடித்து ஓசூர் போயிருந்தது.

எங்கள் தொழிலில் ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு சர்வீஸ் கார்டு உண்டு. அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட மாட்டார். "கட்டம் காலின்னா நீ மேல ஏறலன்னு அர்த்தம்" என்பார். அந்தப் பாடம் எனக்கு எலும்பு வரை இறங்கியிருந்தது. காலி ஃபார்மோடு வீட்டுக்குப் போனால் என் மனைவிக்கு அவமானம் என்று நினைத்தேன். எதிரில் இருந்த பேக்கரியில் ஒரு டீ, ஒரு தில்பசந்த் வாங்கி உட்கார்ந்து பதினோரு ஃபார்மையும் நிரப்பினேன். பதினேழாவது கேள்விக்கு நாற்பது, ஐம்பது, முப்பத்தைந்து, நாற்பத்தைந்து என்று மாற்றி மாற்றிப் போட்டேன். (ஒரே எண்ணாக இருந்தால் நல்லாவா இருக்கும்?) நானும் ஓர் ஆண் என்பதால் என் இனத்துக்குக் கொஞ்சம் தாராளமாகவே அளந்தேன்.

"முடிஞ்சுதா?"

"ஒரு கட்டம்கூட பாக்கியில்ல."

பத்து மாதம் கழித்து வைவா வந்தது. தீசிஸ் எழுதியவரை எல்லோர் முன்னாலும் நிறுத்திக் கேள்வி கேட்கும் நாள் அது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று நோட்டீசிலேயே போட்டிருந்தார்கள். நான் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தேன். (பட்டன் ஒன்றுகூட எட்டவில்லை. வயிற்றை எக்கிக்கொண்டே ஒன்றரை மணி நேரம்.)

மதுரையிலிருந்து வந்த எக்ஸாமினர், கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு பக்கத்தைப் புரட்டினார்.

"எல்லாத் தெருவுலயும் ஆம்பளைங்க அஞ்சு நிமிஷம், எட்டு நிமிஷம். இந்த மூணாவது கிராஸ்ல மட்டும் முக்கால் மணி நேரம். எப்படிம்மா?"

கிரேஸ் தயங்கவில்லை. அந்தத் தெருவில் தண்ணீர் காலை பத்து மணிக்கு வருகிறது, பெண்கள் எட்டு மணிக்கே ஃபேக்டரிக்குப் போய்விடுகிறார்கள், தண்ணீர் பிடிக்க இறங்கும் ஆண் அப்படியே பாத்திரத்தையும் துணியையும் தொடுகிறான் என்று அழகாக விளக்கினாள். இதற்கென்றே நாலு பக்கம் எழுதியிருந்தாள்.

எக்ஸாமினர் பேனாவை மூடினார். "உன் தீசிஸ்லயே சொந்தமா யோசிச்ச இடம் இதுதாம்மா. இதைத் தனியா ஒரு கட்டுரையா போடணும்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் குத்துமதிப்பாகப் போட்டதற்கே இவ்வளவு மரியாதையா? "சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?" என்று அவர் முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

"கேள்வி இல்ல சார். அந்தப் பதினோரு ஃபார்மும் நான்தான் பூர்த்தி பண்ணேன்."

"நீங்க யாரு?"

"கேண்டிடேட்டோட ஹஸ்பெண்டு சார். அன்னிக்கு எல்லா வீடும் பூட்டியிருந்துச்சு. ஆனாலும் ஒரு கட்டம்கூட காலியா விடல."

சத்தியமாகச் சொல்கிறேன், கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கைடு மேடம் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, "ஐயோ தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டார். அப்போதுதான் திரும்பிக் கிரேஸ் முகத்தைப் பார்த்தேன். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பவர்கள் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். அதே முகம்.

ஆனால் அவள் உட்காரவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"சார், அந்த நாலு பக்கத்தை எடுத்துடறேன். அந்தப் பதினோரு வீட்டுக்கும் நானே மறுபடி போறேன். ஒரு மாசம் டைம் குடுங்க."

எக்ஸாமினர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். "போம்மா. தனியா போ" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் திட்டுவாள் என்று காத்திருந்தேன். வாசலில் இறங்கியதும், "நான் பஸ்ஸிலயே போய்க்கறேன். நீங்க அந்தத் தெரு பக்கம் தலைகாட்டக் கூடாது" என்றாள். நாலு ஞாயிறு மழையிலும் போனாள். பூட்டியிருந்த வீட்டுக்கு மூன்று தடவை போனாள். நான் வீட்டில் உங்கள் இருவரையும் குளிப்பாட்டி, சோற்றைக் குழைத்து, ரசத்தில் உப்பை மறந்தேன்.

கடைசி ஞாயிறு செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"பத்து வீட்டுல நாலு, அஞ்சு, பூஜ்யம். முனிரத்தினம்னு ஒருத்தர், ஒய்ட்ஃபீல்டு அபார்ட்மெண்ட்ல நைட் டியூட்டி செக்யூரிட்டி. தண்ணி பிடிச்சு, சமைச்சு, துணி துவைச்சு, பொண்ணுக்குத் தலை பின்னி விடறாரு. நூத்திப்பத்து நிமிஷம். நீங்க அவருக்கு எவ்வளவு போட்டீங்க தெரியுமா?"

அவளே சொன்னாள்.

"முப்பத்தஞ்சு."

இரண்டாவது வைவாவில் அம்மா தேறினாள். (நான் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் இருந்தேன். உத்தரவு.) அந்த நிரந்தர இடமும் கிடைத்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் எம்.ஏ. முதல் வகுப்பில், தகவல் சேகரிப்பது எப்படி என்ற பாடத்தை அவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை வைத்துத்தான் தொடங்குகிறாள். பெயர் சொல்வதில்லை. ஆனால் நான் டூல் பையோடு அவளைக் கூப்பிடப் போனால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். நீங்கள் மட்டும் என்ன, "பரீட்சை எப்படி எழுதின?" என்றால், "வீடு பூட்டியிருந்துச்சுப்பா, ஆனா ஒரு கட்டம்கூட காலியா விடல" என்கிறீர்கள்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் சொல்லாதது ஒன்று உண்டு. பட்டம் கைக்கு வந்த வாரம், லீவு போட்டுவிட்டுத் தனியாக மூன்றாவது கிராஸுக்குப் போனேன். மணி பத்தரை. முனிரத்தினம் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"முப்பத்தஞ்சா?" என்று சிரித்தார். "அதுல இந்த அலுமினியக் குண்டான் மட்டும்தான் ஆகும்ணா. பரவால்ல, விடுங்க."

எனக்குப் போக மனம் வரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் குண்டானை வாங்கித் தேய்த்தேன். அலசி நீட்டினேன். அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தார்.

நான் அடுத்த பாத்திரத்தை எடுத்தேன்.